ஒரு சீசன் எதை அளக்கிறது?

பிட்ஸ்பர்க் என்றதும் அமெரிக்கா போய்வந்த தமிழர்களுக்கு அங்குள்ள வெங்கடேசுவரர் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று, 1970களில் எழுந்தது. ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டால் எஃகு ஆலைகளையும் மூன்று ஆறுகளையும் சொல்லிவிட்டு, கறுப்பும் பொன்னிறமும் கலந்த விளையாட்டுச் சட்டைகளுக்கு வந்துவிடுவார்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஸ்டீலர்ஸ், ஐஸ் ஹாக்கியில் பெங்குவின்ஸ், பேஸ்பாலில் பைரேட்ஸ். மூன்று அணிகளுக்கும் அதே இரண்டு நிறங்கள். முதல் இரண்டும் கோப்பைகளைக் கொண்டுவந்து சேர்த்தன. பைரேட்ஸோ 1993 முதல் 2012 வரை இருபது சீசன்கள் தொடர்ந்து, வென்றதைவிட அதிகமாகத் தோற்றது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் இவ்வளவு நீண்ட தோல்விக் காலம் வேறு எந்த அணிக்கும் வாய்த்ததில்லை.

1993-ல் அந்த ஊரில் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து மைதானத்துக்குப் போயிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து செய்தித்தாளில் அணிகளின் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பழகியிருக்கும். இருபது வயதைத் தொட்டபோதும், தன் அணி பாதிக்கு மேல் வென்ற ஒரு சீசனைக்கூடப் பார்த்திருக்காது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று பிட்ஸ்பர்க்கில் யாரைக் கேட்டாலும் தேதியோடு சொல்வார்கள். 1992 அக்டோபர் 14, அட்லாண்டா. லீக் பட்டத்துக்கான ஏழாவது, கடைசி ஆட்டம். அட்லாண்டா தன் இறுதி வாய்ப்புக்கு வந்தபோது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அது 2-1 ஆகி, இருவர் அவுட்டான பிறகு, அதிகம் ஆடியிராத பிரான்சிஸ்கோ கப்ரேரா ஒரு பந்தை இடப்பக்கம் தட்டிவிட்டார். பேஸ்களைச் சுற்றிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஓர் ஓட்டம். மூன்றாம் பேஸில் நின்றவர் வந்து சமன் செய்தார். இரண்டாம் பேஸிலிருந்து சிட் பிரீம் ஓடிவந்தார். வேகமாக ஓடத் தெரியாதவர், அதுவும் முன்பு பைரேட்ஸுக்கே ஆடியவர். பைரேட்ஸின் பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்கு ஒரு கணம் முன்னால் அவர் சறுக்கி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். 3-2. அந்தக் குளிர்காலத்திலேயே பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

சராசரியான ஓர் அணி ஒரு சீசனைப் பாதிக்குக் கீழே முடிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அது இருபது முறை அடுத்தடுத்து நடக்க ஏறத்தாழ பத்தரை லட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு. ஆகவே இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்ப முடியாது. அணி உண்மையிலேயே பலவீனமாக இருந்தது. வீரர்களைத் தேடி அது போகாத இடமில்லை. 2008-ல் இந்தியாவில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேறிய, ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்களை ஒப்பந்தம் செய்ததும் இதே பைரேட்ஸ்தான். இருவரும் மேஜர் லீக் வரை உயரவில்லை. அவர்கள் கதை பின்னால் ஏ.ஆர்.ரஹ்மான் இசையோடு ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற படமானது.

தோல்விக்கு விளக்கம் தேவையில்லை. என் வியப்பெல்லாம் மறுபக்கத்தில். 2013-ல் இதே அணி 94 ஆட்டங்களை வென்றது. அதில் திறமை எவ்வளவு, தற்செயல் எவ்வளவு? தினமும் பார்த்துக்கொண்டிருந்த ரசிகருக்கு அது எந்த மாதம், எந்த ஆட்டத்தில் தெரிந்திருக்க முடியும்? மிகச் சிறிய மாற்றங்கள் மனிதக் கண்ணுக்கு எப்படித் தப்புகின்றன, விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தால் அவை எப்படிப் பிடிபடுகின்றன என்று காட்ட ஒரு பேஸ்பால் சீசனைவிடத் தெளிவான சோதனைக்கூடம் கிடைப்பது அரிது. கோடிக்கணக்கானோர் அந்தச் சோதனையை உள்ளே இருந்தபடி, மனம் பதைக்கப் பார்க்கிறார்கள் என்பது கூடுதல் அதிசயம்.

மேஜர் லீக்கில் ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்டத் தினமும் ஆட்டம். நல்ல அணியும் வழக்கமாக அறுபது ஆட்டங்களைத் தோற்கும், மோசமான அணியும் அறுபதை வெல்லும். பைரேட்ஸ் 2012-ல் வென்றது 79, அடுத்த ஆண்டு 94. பதினைந்து ஆட்ட வித்தியாசம். அதை 162-ல் பரப்பினால் பதினோரு ஆட்டத்துக்கு ஒன்று. அதாவது பன்னிரண்டு நாள் விடாமல் பார்த்த ரசிகருக்கு, போன ஆண்டைவிடக் கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. தோல்வி அணிக்கும் சாதனை அணிக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவுதான்.

இதற்குள் தற்செயலும் புகுந்து ஆடுகிறது. ஒரு நாணயத்தை 162 முறை சுண்டினால் சராசரியாக 81 முறை தலை விழும். ஆனால் ஆறு கூடலாம், ஆறு குறையலாம்; மூன்றில் இரண்டு தடவை 75-க்கும் 87-க்கும் இடையே நிற்கும். நாற்பதில் ஒரு தடவை 94-ஐத் தொட்டுவிடும். லீக்கில் இருப்பவை 30 அணிகள். அத்தனையும் ஒரே தரம் என்று வைத்தாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது எங்கோ ஓர் அணி வெறும் தற்செயலால் 94 வெல்லும், அந்த ஊரே விடிவுகாலம் வந்ததென்று கொண்டாடும். பிட்ஸ்பர்க்கில் நடந்தது அதுதானா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

2012-13 குளிர்காலத்தில் பைரேட்ஸ் எடுத்த ஆட்களைப் பார்த்து ஊரில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. பிரான்சிஸ்கோ லிரியானோ என்ற பிட்சர் (பந்தெறிபவர்) முந்தைய சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியாக ஐந்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தவர். கேட்ச்சர் ரஸ்ஸல் மார்ட்டினின் பேட்டிங் சராசரி 0.211. அவருக்கு இரண்டு ஆண்டுக்கு 1.7 கோடி டாலர். சிக்கனமான அணிக்கு அது பெரிய தொகை. தலைமைப் பயிற்சியாளர் கிளின்ட் ஹர்டில் பழைய பாணிக்காரர். இருபது வயதில் அடுத்த பெரும் நட்சத்திரம் என்று பத்திரிகை அட்டையில் வந்து, அந்த உயரத்துக்குப் போகாமல் நின்றுவிட்டவர். அவரிடம் டான் ஃபாக்ஸ், மைக் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற இரண்டு புள்ளிவிவர ஆய்வாளர்கள் போய், கண்ணுக்குத் தெரியாத ஓட்டங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்டினார்கள். அவர் காதுகொடுத்துக் கேட்டார். அந்தச் சீசனின் முதல் திருப்பம் அதுதான் என்பது என் எண்ணம். எண்கள் எல்லா அணிகளிடமும் இருந்தன. களத்தில் நிற்பவர்கள் அவற்றை நம்பும்படி எடுத்துச் சொல்ல ஆள் எல்லா அணியிலும் இல்லை.

மார்ட்டினுக்கு ஏன் அவ்வளவு பணம் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில் பேஸ்பாலில் கேட்ச்சர் குந்தியிருப்பார். அவர் தோளுக்குப் பின்னால் நடுவர். தரையில் 43 சென்டிமீட்டர் அகலத்தில் ஹோம் பிளேட். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலிலிருந்து மார்பு வரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. அதன் வழியே போகும் பந்தைப் பேட்டர் அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். பெட்டிக்கு வெளியே போனால் பால். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட், நான்கு பாலில் முதல் பேஸ் இலவசம். பந்து பிட்சரின் கையை விட்டு வந்து சேர 0.4 நொடி. ஓரத்தில் வரும் பந்து பெட்டியை உரசியதா இல்லையா என்று நடுவர் வெறும் கண்ணால் சொல்ல வேண்டும். அவ்வளவு வேகத்தில் வரும் பந்தைக் கடைசி வரை விடாமல் பார்க்கக் கண்ணால் ஆகாது. பந்து எங்கே வந்து நின்றது என்பதும் தீர்ப்பில் கலந்துவிடுகிறது.

இங்கேதான் கேட்ச்சரின் மணிக்கட்டு வேலை செய்கிறது. வெளியோரத்தில் தாழ்வாக ஒரு பந்து வருகிறது. தேர்ச்சியில்லாத கேட்ச்சரின் கை அதை எட்டிப் பிடிக்கும். பந்தின் விசையில் கையுறை இன்னும் வெளியே, கீழே தள்ளப்படும். பார்த்துக்கொண்டிருக்கும் நடுவரின் வாயில் ‘பால்’ என்று வந்துவிடும். மார்ட்டின் போன்றவர்கள் கையுறையைப் பந்துக்கு முன்பே கீழே இறக்கி வைத்துவிடுவார்கள். பந்து வரும்போது கை உள்ளேயும் மேலேயும் எழுந்துகொண்டிருக்கும். உறங்கிய குழந்தையைத் தொட்டிலில் இறக்குவது போல அதிராமல் வாங்கி, ஒரு கணம் அப்படியே வைத்திருப்பார்கள். தலை ஆடாது, தோள் சாயாது. அதே பந்து, அதே இடம். தீர்ப்பு மட்டும் ஸ்ட்ரைக். இதை ‘ஃபிரேமிங்’ என்கிறார்கள்.

இந்தக் கலை நூறாண்டுப் பழையது. யாரும் அளந்ததில்லை, அவ்வளவே. 2008 வாக்கில் மேஜர் லீக் மைதானங்கள் அனைத்திலும் பந்தின் பாதையைப் பின்தொடரும் ‘பிட்ச் எஃப்எக்ஸ்’ கேமராக்கள் வந்தன. ஒவ்வொரு பந்தும் பிளேட்டைக் கடந்த இடம் ஏறத்தாழ ஓர் அங்குலத் துல்லியத்தில் பதிவானது. பல லட்சம் பந்துகளைச் சேர்த்து, ஒரே இடத்தில் வந்த பந்துக்கு எந்தக் கேட்ச்சர் இருந்தபோது ஸ்ட்ரைக் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்க வழி பிறந்தது. 2011-ல் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் அப்படிக் கணக்கிட்டு வெளியிட்டபோது பேஸ்பால் உலகம் திகைத்தது. ஒரு பால் ஸ்ட்ரைக்காக மாறினால் சராசரியாக 0.13 ஓட்டம் மிச்சம். அற்பமாகத் தெரிகிறதல்லவா? ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பந்துகள் மட்டும் அப்படி மாறுவதாக வைத்து, 120 ஆட்டங்களுக்குக் கணக்குப் போடுங்கள்: 31 ஓட்டங்கள். பத்து ஓட்டம் கூடினால் ஒரு வெற்றி கூடும் என்பது பேஸ்பாலின் பழைய கணக்கு. மணிக்கட்டில் மட்டும் மூன்று வெற்றிகள். மைதானத்திலிருந்த எவரும் அதைப் பார்த்துக் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது மாற்றம் தரையில். 2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். எந்த அணியிலும் வேலை பார்க்காத, புள்ளிவிவரப் பித்துப் பிடித்த ரசிகர். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து பேட்டருக்கு லாபமாகுமா, அவுட்டாகுமா என்பதில் பிட்சரின் கட்டுப்பாடு மிகமிகக் குறைவு என்றார் அவர். பெரிய பிட்சரோ சிறிய பிட்சரோ, அப்படிப்பட்ட பந்துகளில் பத்துக்கு மூன்று பேட்டருக்குச் சாதகமாக முடிகிறது. எஞ்சிய ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி தற்செயலும் தடுப்பாட்டமும். நூறாண்டு நம்பிக்கைக்கு நேர் எதிரான கூற்று. எண்களைச் சரிபார்த்தவர்கள் பெரும்பாலும் உண்மை என்றார்கள். பின்வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின: பந்து தரையில் உருள்வதா வானில் எழுவதா என்பதில் பிட்சருக்குக் கணிசமான பங்கு உண்டு. தரையில் உருளும் பந்து எல்லை தாண்டும் ஹோம் ரன் ஆகாது. உருளும் பந்து போகும் திசையை முன்கூட்டியே ஓரளவு சொல்லவும் முடியும்.

பைரேட்ஸ் இந்த இரண்டையும் சேர்த்துப் பின்னியது. முதலில் பிட்சர்களைத் தாழ்ந்து இறங்கும் பந்துகளை அதிகம் எறியச் சொன்னார்கள். பந்தைத் தையல்களுக்குக் குறுக்கே பிடித்து எறிந்தால் அது பின்னோக்கிச் சுழலும். சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தைச் சற்றே தூக்கிப் பிடிக்கும். புவியீர்ப்பு இழுக்கும் அளவுக்கு அது இறங்காது. தையலோடு ஒட்டிப் பிடித்து, சுழலும் அச்சைச் சாய்த்து எறிந்தால் அந்தத் தூக்கல் குறைந்து பக்கவாட்டு விலகல் கூடும். இரண்டு பந்துகளும் ஒரே கையிலிருந்து ஏறத்தாழ ஒரே வேகத்தில் புறப்படும். பேட்டரிடம் வரும்போது இரண்டாவது ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்திருக்கும். பேட்டின் தடித்த பகுதியே ஏழு சென்டிமீட்டருக்குக் குறைவான விட்டம் கொண்டது; அது பந்தின் நடுவில் படுவதும் தலையில் படுவதும் ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் தீர்மானமாகிறது. தலையில் பட்டால் பந்து தரைக்குப் போகும். சார்லி மார்ட்டன் போன்றவர்கள் இதில் தேர்ந்தார்கள். 2013-ல் பைரேட்ஸுக்கு எதிராக அடிக்கப்பட்ட பந்துகளில் பாதிக்கும் மேல் தரையில் உருண்டன. லீக்கிலேயே அதிக விகிதம்.

உருளும் பந்து எங்கே போகும்? பெரும்பாலும் பேட்டர் பேட்டைச் சுழற்றும் பக்கத்துக்கே. இடக்கை ஆட்டக்காரர் தரையில் அடித்தால் வலப்புறம் போவதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியிருக்க, தடுப்பாளர்கள் நூறாண்டாக நின்ற அதே இடங்களில் ஏன் நிற்க வேண்டும்? 1946-லேயே டெட் வில்லியம்ஸுக்கு எதிராக ஆட்களை ஒரே பக்கம் குவித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதை அன்றாடப் பழக்கமாக்க யாரும் துணியவில்லை. காலியாகக் கிடக்கும் பக்கத்தில் ஒரு பந்து உருண்டு ஓடினால் பிட்சருக்கு ஆத்திரம் வரும், அரங்கு முணுமுணுக்கும். பத்தில் ஏழு முறை தடுத்தது மறந்துபோகும். தப்பிப்போன மூன்றுதான் மனதில் தங்கும். பைரேட்ஸ் 2013-ல் இந்த ஆள் மாற்றத்தை முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு கூட்டியது. வழக்கமாக இடப்புறம் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸைத் தாண்டி வலப்புறம் வந்து நிற்க, கூரான அடிகள் நேராக அவர் கையில் போய் விழுந்தன.

எதிரணியின் ரசிகர் அதைப் பார்த்து ‘என்ன துரதிர்ஷ்டம்’ என்றிருப்பார். பிட்ஸ்பர்க் ரசிகர் ‘நம்ம நேரம்’ என்றிருப்பார். ஒரே பந்தை வைத்துப் பார்த்தால் இருவரும் சொன்னதில் பிழையில்லை.

இந்த உத்திகள் எவ்வளவு வலுவானவை என்பதற்கு விதிப்புத்தகமே சாட்சி. தடுப்பாளர்களை ஒரே பக்கம் குவிப்பதை 2023-ல் மேஜர் லீக் தடைசெய்தது. இரண்டாம் பேஸின் இருபுறமும் இவ்விரண்டு பேர் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது. 2026 முதல் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்துக் கிரிக்கெட்டின் டிஆர்எஸ் போல இயந்திரத்திடம் முறையிடவும் வழி வந்தது. மார்ட்டினின் மணிக்கட்டுக்கு இனி அந்த அளவு மதிப்பு இருக்காது. எனக்கு இதில் வருத்தம்தான்.

ரசிகரின் தலைக்குள் நடந்ததும் இதற்குக் குறைந்த அதிசயமல்ல. 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடித்தன. சாறு வரப்போவதைக் காட்டும் அடையாளம் பழகிவிட்ட பிறகு, சாற்றுக்கு அவை துடிக்கவில்லை, அடையாளத்துக்கே துடித்தன. அடையாளம் வந்தும் சாறு வராமல் போனால் வழக்கத்துக்குக் கீழே அடங்கின. அந்தச் செல்கள் காட்டுவது பரிசின் அளவை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. 2014-ல் ராப் ரட்லெட்ஜ் குழுவினர் கைப்பேசி விளையாட்டு ஒன்றின் வழியே 18,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, கணநேர மகிழ்ச்சியும் இதே வழியில் எதிர்பார்ப்பைச் சார்ந்து ஏறி இறங்குவதைக் கண்டார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் இருபது ஆண்டு தோற்ற அணியின் ரசிகர் ஏன் ஓடிப்போகவில்லை என்பது கொஞ்சம் புரிகிறது. அந்த இருபது சீசன்களிலும் சேர்த்து பைரேட்ஸ் 1,300-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றிருக்கிறது. ஒவ்வொன்றும் எதிர்பாராத வெற்றி. ஆண்டுதோறும் வெல்லும் அணியின் ரசிகருக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமை வெற்றியில் அவ்வளவு சுவை இருக்க முடியாது.

ஆனால் ஏமாற்றமும் எதிர்பார்ப்பை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. 2011 ஜூலையில் அணி தன் பிரிவின் முதலிடத்துக்குப் போட்டியிட்டது. அட்லாண்டாவில் 19 இன்னிங்ஸ் நீண்ட ஓர் ஆட்டத்தைப் பின்னிரவில் சர்ச்சைக்குரிய தீர்ப்பில் இழந்த பிறகு சரிந்து 72 வெற்றியில் முடிந்தது. 2012 ஆகஸ்ட் தொடக்கத்தில் 63 வெற்றி, 47 தோல்வி. அதன்பின் ஆடிய 52 ஆட்டங்களில் 36-ஐத் தோற்றது. நம்பிக்கை ஏறிய பின் வந்த இந்த இரண்டு சரிவுகளும் முந்தைய பதினெட்டு ஆண்டுகளைவிடக் கடுமையாக வலித்திருக்கும் என்று நினைக்கிறேன். எனவே 2013 ஆகஸ்டில் அணி முன்னணியில் நின்றபோது ஊர் கொண்டாடவில்லை, பயந்தது.

செப்டம்பர் 3-ல் மில்வாக்கியில் 81-வது வெற்றி. இனி தோல்வி சீசன் ஆகாது. செப்டம்பர் 9-ல் டெக்சாஸில் இளம் பிட்சர் கெரிட் கோல், யூ டார்விஷை எதிர்த்து எறிந்து 1-0 என்று 82-வது. வெற்றி சீசன் உறுதியானது. செப்டம்பர் 23-ல் சிகாகோவில், 2-1 முன்னிலையோடு கடைசி அவுட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், எதிரணி வீரர் ஒருவர் முதல் பேஸிலிருந்து ஹோம் வரை ஓடிவந்தார். வலப்புறம் போன பந்து தடுப்பாளரிடம் தடுமாறி, ஆண்ட்ரூ மெக்கட்சன் எடுத்து எறிய, ஜஸ்டின் மோர்னோ வாங்கித் திருப்பி எறிய, மார்ட்டின் பிடித்து ஓடிவந்தவரைத் தொட்டார். அவுட். ஆட்டம் முடிந்தது. 1992-ல் பிரீம் சறுக்கி வந்த அதே மாதிரி ஓட்டம், இந்த முறை பந்து முந்திக்கொண்டது. அன்றிரவே பிளேஆஃப் இடம் உறுதியானது.

அக்டோபர் 1-ல் சொந்த ஊரில் சின்சினாட்டியோடு ஒற்றை ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. அலகேனி ஆற்றங்கரையில் உள்ள பிஎன்சி பார்க்கில் 40,000-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் கறுப்புச் சட்டையில். மார்லன் பேர்ட் ஒரு ஹோம் ரன் அடித்ததும் அரங்கு எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை அசை பிரித்து இழுத்துக் கூவத் தொடங்கியது. சற்று நேரத்தில் அவர் கையிலிருந்த பந்து நழுவித் தரையில் விழுந்தது. கூச்சல் இரட்டிப்பானது. அடுத்த பந்தை மார்ட்டின் இடப்புற இருக்கைகளுக்குள் அடித்தார். லிரியானோ ஏழு இன்னிங்ஸில் ஒரே ஓட்டம் கொடுத்தார். 6-2.

கூச்சலால்தான் பந்து நழுவியது என்று அந்த ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். ஒரே நிகழ்வை வைத்து அதை நிறுவ முடியாது. பேஸ்பாலில் சொந்த மைதானத்து அணி வெல்வது நீண்டகாலச் சராசரியில் 54 சதவீத அளவுதான். நூறு ஆட்டத்தில் நான்கு கூடுதல். ஆனால் எதிர்த்திசையில் போன விளைவுக்கு ஆதாரம் உண்டு: ஆட்டம் ரசிகரின் உடலுக்குள் இறங்குகிறது. 1994 கால்பந்து உலகக்கோப்பை இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஆண் ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வில், வென்ற பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. பந்தைத் தொடாமல், மைதானத்துக்கே போகாமல்.

இனி அந்த 94-ஐக் கணக்குப் பார்க்கலாம். பேஸ்பால் புள்ளிவிவரத்தின் முன்னோடி பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் தந்தார்: அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டலால் வகுத்தால், அது வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழக் கிடைக்கும். 2013-ல் பைரேட்ஸ் எடுத்தது 634, கொடுத்தது 577. விடை 0.547, ஆட்டக் கணக்கில் ஏறத்தாழ 89 வெற்றிகள். எஞ்சிய ஐந்தில் ஜேசன் கிரில்லி, மார்க் மெலன்சன் போன்ற கடைசி நேர பிட்சர்களின் பங்கு கொஞ்சம், தற்செயலின் பங்கு கொஞ்சம். மேஜர் லீக்கின் இரு கிளைகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் மெக்கட்சன் சிறந்த வீரரானார், ஹர்டில் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். அடுத்த ஆண்டு அணி வென்றது 88.

2015-ல் 98. லீக் முழுவதிலும் அதைவிட அதிகம் வென்ற ஒரே அணி 100 வென்ற செயின்ட் லூயிஸ், அதுவும் பைரேட்ஸின் பிரிவிலேயே இருந்தது. எனவே பைரேட்ஸ் மறுபடி ஒற்றை ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. 2014-ல் எதிரணி பிட்சர் மேடிசன் பம்கார்னரிடம் 8-0, 2015-ல் ஜேக் அரியேட்டாவிடம் 4-0 என்று தோற்றது. இரண்டும் சொந்த மைதானத்தில். ஓர் ஆட்டத்தை வெல்ல 55 சதவீத வாய்ப்புள்ள அணி, அப்படி இரண்டு ஒற்றை ஆட்டங்களையும் தோற்க ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு மாதமாகச் சேர்த்த அளவை மூன்று மணி நேரத்தில் கலைத்துப் போட்டார்கள் என்று பிட்ஸ்பர்க் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

2022 முதல் அந்த ஒற்றை ஆட்டத்துக்குப் பதில் மூன்று ஆட்டத் தொடர் நடக்கிறது. 55 சதவீத அணிக்கு அதனால் கூடும் வாய்ப்பு இரண்டரை சதவீதம். சிறந்த அணியே வெல்லும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, அதே இரண்டு அணிகள் ஏறத்தாழ 269 ஆட்டத் தொடர் ஆட வேண்டும். முழு சீசனே 162-தான்.